ஹாட் ராட் நின்ற இடத்திலேயே ஏன் உறுமித் திணறுகிறது? பழி புளோயருக்கு, வேலை கேமுக்கு

கேள்வி இதுதான்: பானெட்டுக்கு மேலே சூப்பர்சார்ஜர் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு ஹாட் ராட், அதாவது வேகத்துக்கென்று எஞ்சினை மாற்றிக் கட்டிய கார், சிக்னலில் நிற்கிறது. ஆக்சிலேட்டரில் கால் இல்லை. ஆனாலும் காதைப் பிளக்கும் சத்தம். அதுவும் சீராக இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, இதோ நின்றுவிடும் என்று தோன்றும் நேரத்தில் மறுபடி எழுகிறது. இவ்வளவு பணம் கொட்டிக் கட்டிய எஞ்சின் ஐடிலில், அதாவது மிதிக்காமல் விடும்போது, ஏன் இப்படி ஓடுகிறது?

வழக்கமாகக் கிடைக்கும் பதில், "சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தித் திணிக்கிறது, அதனால்தான்" என்பது. ஐடிலைப் பொறுத்தவரை அது தவறு. ஐடிலில் ஓடும் எஞ்சினில் புளோயர் (சூப்பர்சார்ஜருக்கு இன்னொரு பெயர்) எதையும் திணிப்பதில்லை. திணறலுக்கு முதல் காரணம் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. புளோயர் தன் பங்குக்குச் சில தொல்லைகளைச் சேர்க்கிறது. அவற்றைப் பிறகு பார்ப்போம். முதலில் கேம்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து இன்டேக் ஸ்ட்ரோக் தொடங்கும் தறுவாயில், இரண்டு வால்வுகளும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்கும். இதற்குப் பெயர் ஓவர்லாப். கணக்கு எளிது: இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டின் டியூரேஷனையும் (வால்வு திறந்திருக்கும் கோணம்) கூட்டி நான்கால் வகுங்கள், அதிலிருந்து லோப் செபரேஷன் கோணத்தை (கேமில் இரண்டு வால்வுகளின் மேடுகளுக்கும் இடையிலுள்ள கோணம்) கழியுங்கள், வருவதை இரண்டால் பெருக்குங்கள். கம்பெனி வண்டி கேம் ஒன்று 260 டிகிரி டியூரேஷன், 112 டிகிரி செபரேஷன் என்றால் ஓவர்லாப் 36 டிகிரி. வேகத்துக்கென்று வெட்டிய பெரிய கேம் ஒன்று 300 டிகிரி, 108 செபரேஷன் என்றால் 84 டிகிரி. டியூரேஷனும் ஓவர்லாப்பும் கிராங்க்ஷாஃப்ட் சுழலும் டிகிரியில். விளம்பர அட்டையில் போடும் டியூரேஷன் கணக்கு; கேம் 0.050 அங்குலம் தூக்கிய பிறகு எண்ணும் கணக்கு அல்ல. இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

6000 ஆர்பிஎம்மில் இந்த 84 டிகிரி 2.3 மில்லி செகண்டில் கடந்துவிடும். வெளியேறும் எக்ஸாஸ்ட்டின் வேகமே புது மிக்சரை (காற்றும் பெட்ரோலும் கலந்தது) உள்ளே இழுத்து வரும். ஓவர்லாப் அங்கே வரம். 900 ஆர்பிஎம்மில் அதே 84 டிகிரிக்கு 15 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. எக்ஸாஸ்ட்டில் வேகம் இல்லை, சிலிண்டர்களுக்கு மிக்சரைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டிலோ, காற்று வழியை அடைக்கும் தட்டான திராட்டில் மூடியிருப்பதால் வாக்குவம். இரண்டு கதவும் திறந்திருக்க, காற்றழுத்தம் அதிகமுள்ள எக்ஸாஸ்ட் பக்கமிருந்து குறைவாக உள்ள இன்டேக் பக்கம் எரிந்த வாயு திரும்பி ஓடுகிறது. அடுத்த இன்டேக் ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் முதலில் விழுங்குவது தன் பழைய புகையைத்தான். புது மிக்சர் அதற்குப் பின்னால் வருகிறது.

புகை கலந்த மிக்சர் மெதுவாக எரியும். சில சமயம் பாதி எரியும், சில சமயம் பற்றாது. இங்கேதான் அந்தத் தாளத்தின் ரகசியம் இருக்கிறது. ஒரு சிலிண்டர் ஒரு சுற்றில் மிஸ் அடித்தால், அது வெளியே தள்ளுவது எரியாத பெட்ரோலும் காற்றும். ஓவர்லாப்பில் திரும்பி வருவதும் அதுவே. ஆக அடுத்த சுற்றில் அந்தச் சிலிண்டருக்குக் கிடைப்பது புகையில்லாத சுத்தமான மிக்சர். அது ஓங்கி வெடிக்கிறது. ஓங்கி வெடித்ததால் மறுபடி நிறையப் புகை, அடுத்த சுற்று மறுபடி சோர்வு. 900 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு ஏழரை முறை எரிய வேண்டிய வாய்ப்பு வருகிறது. சோர்வும் வேகமுமாக மாறி மாறி வந்தால் நொடிக்கு மூன்று நான்கு பலத்த அடி. எட்டுச் சிலிண்டரும் இதையே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் செய்யும்போது, காதுக்குக் கேட்பது அந்த "தொம்... தொதொம்... தொம்" என்ற தள்ளாட்டம். எஞ்சின் சீராக எரிந்திருந்தால் வி8 ஒன்று 900 ஆர்பிஎம்மில் நொடிக்கு 60 முறை வெடிக்கும்; அது வெறும் ரீங்காரமாகத்தான் கேட்கும்.

இனி கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் மிக்சரை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற விகிதம். புளோயர் வைத்த எஞ்சின்களை 7.5:1 முதல் 8.5:1 வரை குறைந்த கம்ப்ரெஷனில் கட்டுவது வழக்கம். பூஸ்ட் (புளோயர் திணிக்கும் கூடுதல் அழுத்தம்) வரும்போது டெட்டனேஷன், அதாவது மிக்சர் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது, பிஸ்டனைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. பூஸ்ட் இல்லாத ஐடிலில் அந்தக் குறைந்த கம்ப்ரெஷன் மட்டும்தான் கையில் மிச்சம். பெரிய கேம் அதையும் குறைக்கிறது. 300 டிகிரி கேமை இன்டேக் சென்டர் (இன்டேக் வால்வு முழுதாகத் திறக்கும் இடம்) 104-ல் வைத்தால், பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே 74 டிகிரி வந்த பிறகுதான் இன்டேக் வால்வு மூடும். 3.48 அங்குல ஸ்ட்ரோக்கும் 5.7 அங்குல ராடும் உள்ள செவர்லே 350-ல் அந்த இடத்தில் மிச்சமிருப்பது ஸ்ட்ரோக்கின் 71 சதவீதம். 8:1 என்று கட்டிய எஞ்சின் உண்மையில் அழுத்துவது 6:1 அளவுக்கே. 9.5:1 உள்ள சாதாரண எஞ்சின், சின்ன கேமோடு, 8:1 அளவுக்கு அழுத்துகிறது. புகை கலந்த மிக்சர், அதுவும் நன்றாக அழுத்தப்படாத மிக்சர்: பிளக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பற்ற வைக்க அதனால் முடியாது.

சரி, புளோயர் ஐடிலில் என்னதான் செய்கிறது?

ஹாட் ராட் உலகத்தின் அடையாளமான 6-71 புளோயர் கார் பந்தயத்துக்காகப் பிறந்ததே அல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் டெட்ராய்ட் டீசல் பிரிவு செய்த இரண்டு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினின் உறுப்பு அது. 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். பெயர் அதிலிருந்து வந்தது. இரண்டு ஸ்ட்ரோக் டீசலுக்குப் புகையைத் துரத்திப் புதுக் காற்றை நிரப்ப ஒரு ஊதி வேண்டும், அதற்காக வைத்தது. அடிப்படை வடிவம் இன்னும் பழையது: இந்தியானா மாநிலம் கானர்ஸ்வில்லைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற காற்றுப் பம்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெற்குக் கலிஃபோர்னியாவில் லாரி, படகு உதிரிகளாக இவை மலிவாகக் கிடைத்தன. பார்னி நவாரோ ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 மேல் ஒரு 3-71-ஐ ஏற்றிக் காட்டினார். பிறகு கிறைஸ்லர் ஹெமி, செவர்லே என்று எல்லாவற்றின் தலையிலும் 6-71 ஏறியது.

இந்த அமைப்பில் திராட்டில், அதாவது கார்பரேட்டர் அல்லது இன்ஜெக்ஷன் ஹேட் (தொப்பி போல மேலே உட்காரும் காற்று வாய்), புளோயருக்கு மேலே இருக்கிறது. திராட்டில் மூடியிருந்தால் புளோயருக்கே காற்று கிடையாது. 350 கன அங்குல எஞ்சின் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் விழுங்குவது 175 கன அங்குலம். ஒன்றுக்கு ஒன்று புல்லியில் சுற்றும் 6-71 அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கோ அதற்கு மேலோ நகர்த்த வல்லது. ஆகவே ஐடிலில் புளோயருக்குள் சுழலும் ரோட்டருக்கு மேலே ஆழமான வாக்குவம், கீழே மேனிஃபோல்டில் அதைவிடக் குறைந்த வாக்குவம். குறைந்ததுதான், ஆனாலும் வாக்குவமே. மேனிஃபோல்டில் கேஜ் மாட்டிப் பார்த்தால் முள் பூஸ்ட் பக்கம் போகவே போகாது. எஞ்சின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ள எவ்வளவு காற்று தேவையோ அவ்வளவுதான் போகிறது; புளோயரைச் சுழற்றும் சிறு பாரத்துக்காகக் கொஞ்சம் கூடுதல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூஸ்ட்டுக்கென்று சரியாக வெட்டிய கேம், அதே டியூரேஷனுள்ள சாதாரண ரேஸ் கேமைவிட மென்மையாகவே ஐடில் ஆகும். பூஸ்ட்டில் ஓவர்லாப் அதிகமிருந்தால், அழுத்தி அனுப்பிய மிக்சர் நேராக எக்ஸாஸ்ட் வழியே பறந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பூஸ்ட் பைப்பில் எரியும். அதனால் புளோயர் கேம்களில் செபரேஷன் 112 முதல் 116 வரை விரித்து வைப்பார்கள், எக்ஸாஸ்ட் டியூரேஷனைக் கொஞ்சம் நீட்டுவார்கள். அதே 300 டிகிரி கேமை 114-ல் வெட்டினால் ஓவர்லாப் 84-லிருந்து 72-க்கு இறங்குகிறது. மிதமான டியூரேஷனில், 114 செபரேஷனில் கட்டிய தெரு வண்டி 6-71 எஞ்சின் 850, 900 ஆர்பிஎம்மில் மரியாதையாகவே நிற்கும். அப்படியும் 106, 108 என்று நெருக்கி வெட்டிய கேமைப் புளோயருக்கு அடியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் சத்தம், வேறொன்றுமில்லை. சத்தத்துக்கென்றே கேம் விற்கிறார்கள். காம்ப் கேம்ஸ் நிறுவனத்தின் 'தம்பர்' வரிசை அப்படிப்பட்டது. ரசனைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது குதிரைத்திறனுக்காக என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது சர்ஜ். மேலே சொன்ன தள்ளாட்டம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் கேமை மாற்றிப் பணத்தை விடுகிறார்கள். சர்ஜ் என்பது ஆர்பிஎம் முழுதாகவே அலைபோல் ஏறி இறங்குவது: 900-லிருந்து 1300, மறுபடி 900, மறுபடி 1300, நொடிக்கு ஒரு முறை போல. டிராக் ரேஸ் மைதானத்தில் வரிசையில் நிற்கும் வண்டிகளிடம் கேட்கும் "வ்ரூம்... வ்ரூம்..." பல சமயம் ஓட்டுநர் மிதிப்பதல்ல, எஞ்சின் தானாகச் செய்வது.

மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் வைத்த எஞ்சினில் இதற்கான காரணம் தெளிவாகப் பிடிபடும். ஹில்பார்ன், எண்டர்லி போன்ற அமைப்புகளில் எரிபொருள் பம்பை எஞ்சினே சுழற்றுகிறது. ஆர்பிஎம் ஏறினால் எரிபொருளும் அதே விகிதத்தில் ஏறும். காற்றோ அப்படி இல்லை. கிட்டத்தட்ட மூடிய பட்டர்ஃபிளை (திராட்டில் தட்டு) ஓரத்தில் உள்ள மெல்லிய இடுக்கு வழியே, கீழே ஆழமான வாக்குவம் இருக்கும்போது, நொடிக்கு இவ்வளவுதான் என்று ஒரே அளவு காற்றுதான் போகும். எஞ்சின் வேகமாகச் சுற்றினாலும் அது கூடாது. ஆக ஆர்பிஎம் ஏறும்போது எரிபொருள் மட்டும் கூடி மிக்சர் ரிச் (எரிபொருள் மிகுதி) ஆகிறது, எஞ்சின் மூச்சு முட்டி இறங்குகிறது. இறங்கினால் எரிபொருள் குறைந்து மிக்சர் சரியான அளவுக்கு வருகிறது, எஞ்சின் துள்ளி ஏறுகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி. புளோயர் கூட்டுக்குள்ளும் மேனிஃபோல்டிலும் உள்ள இடம் பெரியது என்பதால், மேலே நடக்கும் மாற்றம் சிலிண்டருக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகிறது. அந்தத் தாமதம்தான் ஊஞ்சலை நிற்கவிடாமல் ஆட்டுகிறது.

சரிசெய்வது பேரல் வால்வில், அதாவது ஐடிலில் எரிபொருளை அளந்து விடும் வால்வில். முதலில் ஹேட்டில் உள்ள எல்லா பட்டர்ஃபிளையும் ஒரே அளவு மூடுகின்றனவா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் திறந்திருந்தால் மற்ற எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் பலிக்காது. ஐடில் ஆர்பிஎம்மைப் பட்டர்ஃபிளையில் வையுங்கள், மிக்சரைப் பேரல் வால்வுக்குப் போகும் லிங்க் ராடின் நீளத்தில் வையுங்கள். ராடின் அறுகோணப் பகுதியை ஒரு முகம் அளவு, அதாவது ஆறில் ஒரு சுற்று, திருப்பினாலே வித்தியாசம் தெரியும். ஒரு முகம் திருப்புங்கள், 20, 30 நொடி ஓடவிடுங்கள், பாருங்கள், பிறகு அடுத்தது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று தட்டும்போது எஞ்சின் இருமி, பிறகு எழுந்தால் லீன் (எரிபொருள் குறைவு). கறுத்துப் புகைந்து சோம்பலாக எழுந்தால் ரிச். எஞ்சின் சூடாகாமல் இதைச் செய்யாதீர்கள். எரிபொருள் மெத்தனால் என்றால் இரு மடங்கு கவனம் வேண்டும். மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சும். குளிர்ந்த மேனிஃபோல்டில் அது ஆவியாகாமல் அடியில் குளமாகத் தேங்கும். அந்த நேரத்தில் வைத்த அட்ஜஸ்ட்மென்ட், சூடானதும் தப்பாகிவிடும்.

கார்பரேட்டரில் எரிபொருள் காற்றைத் தொடர்ந்தே வருவதால் சர்ஜ் இவ்வளவு இருக்காது. அங்கே தொல்லை வேறு. பெரும்பாலும் இரண்டு நாலு-பேரல் கார்பரேட்டர், மொத்தம் எட்டுத் திராட்டில் தட்டு. பெரிய கேமுக்கு ஐடிலில் கூடுதல் காற்று தேவை என்று ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டே போனால், தட்டு உயர்ந்து, ஐடிலைத் தாண்டியதும் பெட்ரோல் விடுவதற்கான டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் என்ற இடுக்கு முழுதும் வெளியே தெரியத் தொடங்கும். ஐடில் சர்க்யூட்டைத் தாண்டி அந்த ஸ்லாட் வழியே பெட்ரோல் கொட்டும். மிக்சர் ஸ்க்ரூவை முழுக்க மூடினாலும் எஞ்சினில் மாற்றமே தெரியாது. "ஸ்க்ரூ வேலையே செய்யல" என்று புலம்புகிற எஞ்சின்களில் பாதிக்கு மேல் இதுதான் நோய். கார்பரேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, ஸ்லாட் 0.020 அங்குலம் மட்டும், சதுரமாகத் தெரியும்படி பிரைமரி தட்டை வையுங்கள். காற்று போதவில்லை என்றால் முதலில் செகண்டரி தட்டைச் சற்றுத் திறந்து ஈடுகட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் பிரைமரி தட்டுகளில் 3/32 அங்குல ஓட்டை போடலாம். எட்டுத் தட்டு இருப்பதால் சிறியதிலிருந்து தொடங்குங்கள். போட்ட ஓட்டையை மூட ஈயம் வைக்க வேண்டியிருக்கும்.

பவர் வால்வு அடுத்த வில்லன்: வாக்குவம் குறைந்தால் திறந்து கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு. சாதாரண எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் பாதரச வாக்குவம் காட்டும். பெரிய கேமில் 6, 8, 10 என்று இறங்கிவிடும், முள்ளும் ஒரு இடத்தில் நிற்காது. 6.5 அங்குல வாக்குவத்தில் திறக்கும் பவர் வால்வு போட்ட கார்பரேட்டரின் அடியில் முள் 6-க்கும் 9-க்கும் நடுவே ஆடினால், வால்வு ஐடிலிலேயே திறந்து திறந்து மூடும். ஒவ்வொரு திறப்பிலும் ஒரு மடக்கு பெட்ரோல் கூடுதல். ஐடில் வாக்குவத்தில் பாதி அளவுள்ள வால்வைப் போடுவது நல்ல விதி. ஆனால் புளோயரில் ஒரு முடிச்சு இருக்கிறது: கார்பரேட்டர் பார்ப்பது ரோட்டருக்கு மேலே உள்ள வாக்குவத்தை. கீழே பூஸ்ட் ஏறிய பிறகும் மேலே வாக்குவம் இருக்கலாம். அப்போது பவர் வால்வு திறக்காமல் எஞ்சின் லீனாக ஓடிப் பிஸ்டன் உருகும். அதனால் பவர் வால்வின் சிக்னலைப் புளோயருக்குக் கீழே மேனிஃபோல்டிலிருந்து தனிக் குழாயில் எடுக்க வேண்டும். புளோயருக்கென்று விற்கும் கார்பரேட்டர்களில் இது செய்தே வரும். பழைய கார்பரேட்டரை அப்படியே தூக்கி வைத்தால் வராது.

டைமிங்கில், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தில், கை வைத்தால் உடனே பலன் தெரியும். மெதுவாக எரியும் மிக்சருக்கு முன்கூட்டியே தீ வேண்டும். 8, 10 டிகிரி இனிஷியலில் (ஐடிலுக்கென்று வைக்கும் அளவு) திணறும் எஞ்சின் 18 முதல் 22-ல் அமைதியாவது சகஜம்; ஆர்பிஎம் தானாக ஏறும், அதனால் திராட்டில் தட்டை மூடலாம், டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் தொல்லையும் சேர்ந்தே குறையும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரின் மெக்கானிக்கல் அட்வான்ஸை (ஆர்பிஎம் ஏற ஏறத் தானாகக் கூடும் டிகிரி) அப்படியே விட்டால் மொத்தம் 40-ஐத் தாண்டும், பூஸ்ட்டில் எஞ்சின் உடையும். இனிஷியல் 20 என்றால் மெக்கானிக்கல் அட்வான்ஸை 8, 10 டிகிரிக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தி, மொத்தத்தை 28, 30-ல் நிறுத்துங்கள்.

இவ்வளவும் திணறலைப் பற்றி. சத்தம் ஏன் அவ்வளவு பெரிது? பெரும் பங்கு, சைலன்சர் இல்லாததோ பெயருக்கு ஒன்று இருப்பதோதான். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டரில் மிச்சமிருக்கும் அழுத்தம் ஒரே அடியாக வெளியே பாய்கிறது. நீளமான பைப்பும் மஃப்ளரும் அந்த அடியை மழுப்பும், குட்டையான திறந்த ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுப்பு) மழுப்பாது. பெரிய கேமுள்ள எஞ்சின் ஐடிலில் சாதாரண எஞ்சினைவிட அதிக மிக்சரைச் சாப்பிடுகிறது, அது மெதுவாக எரிவதால் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. மிஸ் அடித்த சிலிண்டரின் எரியாத பெட்ரோல் சூடான பைப்பில் போய்ப் பற்றி "டப், டப்" என்கிறது.

வி8-க்கே உரிய உறுமலும் கலக்கிறது. செவர்லே சின்ன பிளாக்கின் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. எட்டையும் சேர்த்தால் 90 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, சீரானது. ஆனால் இடது பக்கத்து நான்கை மட்டும் பாருங்கள்: 1-க்குப் பின் 3-க்கு 270 டிகிரி, 3-லிருந்து 5-க்கு 180, 5-லிருந்து 7-க்கு வெறும் 90, 7-லிருந்து 1-க்கு 180. ஒரு பக்கத்துப் பைப்பில் இரண்டு அடி ஒட்டி விழுகிறது, பிறகு நீண்ட இடைவெளி. வலது பக்கமும் அப்படியே, 8-ம் 4-ம் ஒட்டி விழும். இரு பக்கத்தையும் இணைக்காமல் தனித்தனிப் பைப்பாக விட்டால் இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே காதுக்கு வரும். கேமின் தள்ளாட்டம் இதன்மேல் ஏறி உட்காருகிறது.

மேலே கேட்கும் ஊளை மட்டும் புளோயருடையது. ரூட்ஸ் வகை காற்றைத் தனக்குள் அழுத்துவதில்லை, ரோட்டர் மடிப்புக்குள் வாங்கி அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. மடிப்பு திறக்கும் கணத்தில் கீழே உள்ள அதிக அழுத்தக் காற்று திரும்பி மேலே மோதுகிறது. மூன்று லோப் ரோட்டர் இரண்டு, சுற்றுக்கு ஆறு மோதல். அதோடு ரோட்டர் கியர்களின் ஊளை, மூன்று அங்குல அகலப் பல் பெல்ட் புல்லியில் உட்காரும்போது பற்களுக்கிடையில் சிக்கும் காற்றின் சீறல், சாலிட் டேப்பெட் (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் திடமான துண்டு) கேம் என்றால் 0.020 அங்குல இடைவெளியின் கடகட. புளோயரே இல்லாமல் இந்த ஊளைக்கு ஆசைப்பட்டவர்கள், டைமிங் செயினைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடும் கியர் டிரைவ் செட்டை மாட்டிய காலமும் உண்டு.

நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் பந்தய வண்டிகள் தனி ஜாதி. பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று, மெத்தனாலுக்கு 6.4, நைட்ரோவுக்கு சுமார் 1.7. சிலிண்டருக்குள் எரிபொருள் ஏறக்குறைய ஊற்றப்படுகிறது, எல்லாம் உள்ளேயே எரிந்து முடிவதில்லை. பாதி எரிந்தது பைப்புக்கு வெளியே வந்து காற்றோடு சேர்ந்து மிச்சத்தை எரித்து முடிக்கிறது. அந்தப் படபடப்பை அமெரிக்கர்கள் 'கேக்கிள்' என்பார்கள். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் அருகே ஃபமோசோ ஓடுபாதையில் பழைய டிராக்ஸ்டர்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, ஓட்டாமல் நிறுத்தி வைத்து இந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே கேக்கிள்ஃபெஸ்ட் நடத்துகிறார்கள்.

இப்போது முக்கியமான கேள்வி: உங்கள் எஞ்சினின் திணறல் கேமின் குணமா, கோளாறா? கேமின் குணம் என்றால் ஆர்பிஎம் ஏற ஏற மறையும்; 1800, 2000-ல் எஞ்சின் தெளிவாக ஓட வேண்டும். அங்கேயும் திணறினால் கேமைக் குற்றம் சொல்லாதீர்கள். கேமின் திணறல் எட்டுச் சிலிண்டருக்கும் பொது. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரை ஹெடரின் ஒவ்வொரு குழாயின் தொடக்கத்திலும் காட்டுங்கள். ஏழு குழாய் ஒரு அளவில் இருந்து ஒன்று மட்டும் பாதிச் சூட்டில் இருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக், வயர், டேப்பெட் இடைவெளி என்று தேடுங்கள். முன்பக்கம் நான்கும் சூடு, பின்பக்கம் நான்கும் சூடு குறைவு என்றால் மிக்சர் பங்கீடு சரியில்லை. முறுக்கிய ரோட்டர்கள் மிக்சரை ஒரு முனைக்கே தள்ளும் பழக்கமுடையவை. இன்ஜெக்ஷனில் புளோயருக்குக் கீழே ஒவ்வொரு போர்ட்டிலும் தனி நாசில் வைப்பது இதற்காகத்தான்.

ஏர் லீக்கை எஞ்சின் ஓடும்போது ஸ்ப்ரே அடித்துத் தேடாதீர்கள். திறந்த ஹெடர் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும். எஞ்சினை நிறுத்தி, ஸ்மோக் மெஷினால் புகை விட்டுப் பாருங்கள். கார்பரேட்டர் அடி, புளோயர் மேல் கேஸ்கெட், கீழ் கேஸ்கெட், மேனிஃபோல்ட் என்று நான்கு தளம். சாதாரண எஞ்சினைவிட இரண்டு அதிகம்.

ஐடிலில் மட்டும் நீலப் புகை வந்து, பிளக்குகள் எண்ணெய் படிந்து, ஓட ஓடச் சரியாகிறது என்றால் பிஸ்டன் ரிங் என்று பயந்து எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். புளோயரின் முன் பின் கியர் பெட்டிகளில் எண்ணெய் இருக்கிறது. ரோட்டர் அறையில் ஆழமான வாக்குவம் உண்டாவது ஐடிலில்தான். ஷாஃப்ட் சீல் தேய்ந்திருந்தால் எண்ணெய் நேராக உள்ளே உறிஞ்சப்படும். சீலை மாற்றுங்கள், கியர் கவரின் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐடிலில் மேல்நோக்கி, அதாவது ஹேட் வழியே, "ஃபட்" என்று ஒரு சின்ன வெடி கேட்டால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லீன் மிக்சர் மெதுவாக எரிந்து, இன்டேக் வால்வு திறக்கும்போதும் தீ அணையாமல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். சாதாரண எஞ்சினில் கார்பரேட்டர் தும்மும், அவ்வளவுதான். இங்கே மேனிஃபோல்டும் புளோயர் கூடும் நிறைய எரியும் மிக்சர் காத்திருக்கிறது. மொத்தமாகப் பற்றினால் புளோயரையே பெயர்த்துவிடும். அந்த அழுத்தத்தை வெளியே விட, மேனிஃபோல்டில் தானாகத் திறக்கும் பாப்-ஆஃப் வால்வோ உடைந்து வழிவிடும் பர்ஸ்ட் பேனலோ இருக்க வேண்டும். பந்தய வண்டியில் புளோயரைக் கட்டிப் பிடிக்கும் பட்டையும் வேண்டும். வெடி கேட்டதும் ஐடிலை ரிச் பக்கம் நகர்த்துங்கள், இன்டேக் டேப்பெட் இடைவெளி இறுகியிருக்கிறதா பாருங்கள். இறுகிய டேப்பெட் கேமின் டியூரேஷனை நீட்டி ஓவர்லாப்பையும் கூட்டிவிடும்.

எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனுக்கு மாறினால் எல்லாம் தீரும் என்பார்கள். ஓரளவு தீரும். ஆனால் ஆக்சிஜன் சென்சார் ஏமாறும்: மிஸ் அடித்த சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வருகிறது, சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டுமே தெரியும். "லீன்" என்று முடிவுகட்டி இசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டும். எஞ்சின் இன்னும் மூச்சு முட்டும். குட்டையான பைப்பில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு அதே ஏமாற்று இன்னொரு விதமாக நடக்கும். ஐடிலில் குளோஸ்டு லூப்பை (சென்சாரைப் பார்த்துத் தானாகத் திருத்துவது) அணைத்துவிட்டு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 முதல் 13.5 பங்கு காற்று வரை எது சீராக ஓடுகிறதோ அந்த அளவைக் கையால் வையுங்கள். மேனிஃபோல்ட் அழுத்த சென்சாரின் சிக்னல் ஆடினால், அதன் குழாயை ஒரே போர்ட்டிலிருந்து எடுக்காமல் மேனிஃபோல்டின் நடு அறையிலிருந்து எடுங்கள்.

கடைசியாக கியர்பாக்ஸ். நியூட்ரலில் 950-ல் நிற்கும் எஞ்சின், ஆட்டோமேட்டிக்கில் டிரைவ் போட்டதும் 600-க்கு விழுந்து அணைந்தால் கார்பரேட்டரைக் குடையாதீர்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் பழைய டார்க் கன்வெர்ட்டர் அந்தக் குறைந்த வேகத்திலேயே பிடித்து இழுக்கிறது, பெரிய கேமுக்கு அங்கே டார்க் கிடையாது. 2500 முதல் 3000 ஆர்பிஎம் ஸ்டால் உள்ள, அதாவது அந்த வேகம் வரை நழுவ விடும், கன்வெர்ட்டர் மாட்டினால், டிரைவில் போட்டாலும் 50, 100 ஆர்பிஎம்தான் இறங்கும். ஸ்டால் கூடினால் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாகும். தனியாக ஒரு ஆயில் கூலரும் சேர்த்தே வாங்குங்கள்.